இலையிற் சுரக்கும் தேன்

யாழ்ப்பாணத்திலே பூவரசு நில்லாத வேலி அரிது. அதன் இலையைச் சுருட்டிச் சிறுவர் பீப்பீ ஊதுவர். கமக்காரர் அதனைக் குழையாக வெட்டித் தோட்டத்திலே தாழ்ப்பர். இங்ஙனம் நாளும் கையிற் படுகின்ற அவ்விலையின் பின்புறத்தைத் திருப்பி நோக்குவோர் மிகச் சிலரே. இலைத்தகடு காம்போடு சேருமிடத்துக்கு அண்மையில், நரம்புகள் கிளைக்கும் மூலையிலே, சிறு பிளவு போன்றதொரு குழி காணப்படும். இலை இளந்தளிராயின் அக்குழியின் வாயில் ஒரு துளி நீர் மினுங்கும். அத்துளியிலே தலைவைத்து இரண்டு மூன்று எறும்புகள் நிற்கும். அத்துளி இனிப்புடையது. பூ ஒன்றேனும் மலராத கிளையிலே, பூவுக்கு எவ்வகையிலும் உறவில்லாத இலையிலே, தேன் சுரக்கின்றது.

இது பூவரசுக்கு மட்டும் உரியதொரு வியப்பன்று. ஆமணக்கின் நீண்ட இலைக்காம்பிலே, தகட்டை அடுத்து, சிறு தட்டுகள் போன்ற சுரப்பிகள் துருத்தி நிற்கும். ஆவரையின் கூட்டிலையிற் சோடிச் சிற்றிலைகளுக்கு இடையே ஒரு சிறு முளை நிமிர்ந்து நிற்பதும், கொடித்தோடையின் இலைக்காம்பு தகட்டைத் தொடும் இடத்தில் இரண்டு பருக்கள் இருப்பதும், வாகையின் காம்படியில் ஒரு மேடு இருப்பதும் இவ்வினத்தனவே. பருத்தியில் இச்சுரப்பி இலையின் பின்புறத்து நடுநரம்பிலே குழியாக அமைந்துளது. பயற்றிலே பூங்கொத்தின் தண்டில், சோடி சோடியாகத் தோன்றும் பூக்களுக்கு இடையிலும், எள்ளிலே பூக்காம்பின் அடியில் மஞ்சள் நிறப் புள்ளிகளாகவும் காணலாம். பூவுக்கு இத்துணை அண்மையில் இருந்தும் இவை மகரந்தச் சேர்க்கைக்குத் துணைபுரிவன அல்ல. உலகெங்கணும் இதுகாறும் கணக்கெடுக்கப்பட்ட இத்தகைய தாவர இனங்கள் ஏறத்தாழ 4000. அவை நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் அவரைக் குடும்பத்திலேயே இவை மிகுதி.

பூவிலே தேன் எதற்கென்று வினவின் பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லும்: மகரந்தத்தைச் சுமந்து செல்லும் வண்டுக்குச் செடி கொடுக்கும் கூலி அது. இலையிலே மகரந்தமில்லை, சூலகமில்லை, சுமந்து செல்வதற்கு யாதுமில்லை. அப்படியாயின் இக்கூலி யாருக்கு, எப்பணிக்கு? இவ்வினாவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தாவரவியலாரை இரு கட்சியாகப் பிரித்தது. அவ்வழக்கு முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை.

சொல்லைப்பற்றி ஒரு குறிப்பு. கண்டிப்பாக நோக்கின் தேன் என்பது தேனீ பக்குவஞ் செய்து அடையிலே வைப்பது. செடி சுரப்பது அதன் மூலப்பொருள் மாத்திரமே. மது, நறவு, தேறல் என்று தமிழிலே சொற்கள் பல இருந்தும், அவை பூவோடும் கள்ளோடும் ஒட்டிக்கொண்டமையால் இலையின் சுரப்புக்கு இசையவில்லை. ஆகவே வழக்கு நோக்கித் தேன் என்றே இங்கு வழங்கப்படுகின்றது.

இத்தேனின் பெரும்பகுதி நீர். அதிற் கரைந்திருப்பவை சுக்குரோசு, குளுக்கோசு, பிரற்றோசு ஆகிய வெல்லங்களும், சிறிதளவு அமினோவமிலங்களும், சில புரதங்களுமாம். இலை ஒளித்தொகுப்பினால் ஆக்கிய வெல்லத்தை உரியம் என்னும் இழையம் செடியெங்கும் கொண்டு செல்லும். அதிலிருந்தே சுரப்பியும் தனக்கு வேண்டியதைப் பெறுகின்றது. சில தாவரங்களிற் சுரப்பி சில மயிர்கள் மாத்திரமே; வேறு சிலவற்றிற் குழி, கிண்ணம், காம்புடைய குமிழ் எனப் பலவாறாகும். இவ்வடிவ வேறுபாடுகளை விரித்துரைப்பதிற் பயன் சிறிது. நோக்கற்பாலது வேறொன்று: சுரப்பிகள் பெரும்பாலும் இளந்தளிரிலேதான் முனைந்து சுரக்கின்றன; இலை முற்றித் தடித்தபின் சுரப்புக் குன்றி நின்றுவிடும். மென்மையும் சாறும் மிக்க தளிரையே புழுக்கள் பெரிதும் விரும்பும் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

சாள்ஸ் டார்வின் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இனங்களின் தோற்றம்’ என்னும் நூலிலே இச்சுரப்பைக் கழிவென்றே கொண்டார். சாற்றிலுள்ள தீங்கு பயக்கும் பொருள் எதனையோ செடி வெளியேற்றுகின்றது என்பது அவர் கருத்து. அவர் இதனைக் கண்ணாற் காணாது எழுதியவர் அல்லர். அவரைக் குடும்பத்து விசியா என்னும் செடியின் இலையடிச் செதில்களில் உள்ள சுரப்பிகளைக் கவனித்து, வெயில் எறிக்கும்போது அவை சுரப்பதையும், முகில் மூடியதும் சுரப்பு நின்று தேனீக்கள் வயலை விட்டகல்வதையும், வெயில் மீண்டதும் அவையும் மீள்வதையும் பதிந்துள்ளார்.

1874 ஆம் ஆண்டிலே இக்கருத்துக்கு எதிராக இரு திசையிலிருந்து இரு குரல்கள் எழுந்தன. ஒன்று இத்தாலியத் தாவரவியலாராகிய பெடரிக்கோ தெல்பினோவினது. தேன்சுரப்பிகளை மணவினைக்கு உரியன, மணவினைக்குப் புறம்பானவை என இரண்டாக வகுத்த அவர், புறம்பானவை யாவும் எறும்பையும் குளவியையும் காவலராக அழைத்தற்கே அமைந்தவை என்று வாதித்தார். மற்றையது தோமஸ் பெல்ற் என்னும் ஆங்கிலேயரது. அவர் தாவரவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா நாட்டிற் பொற்சுரங்கமொன்றை மேற்பார்த்த பொறியியலாளர். அவ்வாண்டில் வெளிவந்த ‘நிக்கராகுவாவில் ஓர் இயற்கையறிஞர்’ என்னும் நூலிலே, அந்நாட்டுக் காடுகளில் வளரும் மாட்டுக்கொம்பு அக்கேசியாவைப்பற்றித் தாம் கண்டதை எழுதினார்.

அம்மரம் நமது வேலமரத்துக்கு உறவினது. அதன் முட்கள் சோடியாகப் பருத்து, எருத்தின் கொம்புபோல் வளைந்து, உள்ளே துளையுடையனவாகும். முள்ளின் நுனிக்கு அண்மையில் எறும்பு ஒரு துவாரமிட்டு உள்ளே குடியேறும். இலைக்காம்பிலே தேன்சுரப்பி உண்டு. சிற்றிலைகளின் நுனிதோறும் புரதமும் கொழுப்பும் நிறைந்த சிறு மணிகள் உண்டாகும். பெல்ற்றின் பெயரே பின்னர் அவற்றுக்கு இடப்பட்டது. வீடு, பானம், உணவு என்னும் மூன்றும் ஒரே மரத்திற் கிடைத்தலால் எறும்பு வேறிடம் நாடுவதில்லை. மரத்தைத் தொட்ட விலங்கையும் மனிதரையும் அது கூட்டமாக வந்து கொட்டும். பெல்ற் அத்தோடு நிற்கவில்லை. அம்மரத்தின் விதைகளைத் தமது தோட்டத்தில் இட்டு நாற்றுக்களை வளர்த்தார். அங்கே வேறு எறும்புகள் பல திரிந்தும், ஒன்றேனும் அம்முட்களிற் குடிபுகவில்லை. காவலற்ற அந்நாற்றுக்களை இலைவெட்டும் எறும்புகள் வந்து மொட்டையாக்கிவிட்டன. திட்டமிட்டுச் செய்யாத இந்தச் சிறு பரிசோதனை, அக்காலத்துப் பெருநூல்கள் பலவற்றினும் விலைமதிப்புடையது.

டார்வின் 1876 ஆம் ஆண்டில் அயன்மகரந்தச் சேர்க்கையைப்பற்றி எழுதிய நூலிலே இவ்விருவர்க்கும் விடை கூறினார். பெல்ற் கண்ட அக்கேசியாவின் காவலை அவர் ஏற்றார். எல்லாச் சுரப்பிகளும் அத்தகையன என்ற தெல்பினோவின் கூற்றை ஏற்கவில்லை. அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு பன்னம். பிரக்கன் எனப்படும் அப்பன்னத்தின் இளந்தண்டில் இனிய நீர் மிகுதியாகச் சுரப்பதை அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் கண்டறிந்திருந்தார். எறும்புகள் அங்கே மொய்த்தன. ஆயினும் அப்பன்னத்தைப்போலப் பகையில்லாத தாவரம் வேறொன்றில்லையே, பகையில்லாத வீட்டுக்குக் காவலாளி எதற்கு என்பது டார்வினது வினாவின் சாரம்.

இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஓரினத்தின் உறுப்பு ஒன்று முழுக்க முழுக்க வேறோர் இனத்தின் நன்மைக்கெனவே அமைந்ததென்று மெய்ப்பிக்கப்படின், தமது கொள்கையே அழிந்துபடும் என்று டார்வின் தாமே எழுதியிருந்தார். எறும்புக்கு ஊட்டும் சுரப்பி அத்தகையதோர் உறுப்புப் போலத் தோன்றியது. செடிக்குக் கிடைக்கும் ஊதியம் இன்னதென்று காட்டினாலன்றி அது இயற்கைத் தேர்வுக்கு அடங்காது. கழிவென்று கொண்டால் அத்தொல்லை இல்லை. ஆனால் அரும்பாடுபட்டு ஆக்கிய வெல்லத்தைச் செடி கழிவாகக் கொட்டுமோ என்ற தொல்லை வந்துவிடும். அன்றியும், பன்னத்திற்குப் பூவே இல்லை. பூவில்லாத தாவரமும் தேன் சுரக்குமாயின், அதன் பயன் மகரந்தத்தோடு பிணைந்ததன்று என்பதையேனும் அந்த எடுத்துக்காட்டு உறுதிப்படுத்தியது.

அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வாதங்களிலேயே கழிந்தன. எறும்பு வீடும் உணவும் கிடைத்தமையால் மரத்தில் வாழ்கின்றது, மரத்துக்கு அதனால் ஆவது யாதுமில்லை என்று கூறிய அறிஞர்களும் இருந்தனர். தானியல் யன்சன் என்னும் அமெரிக்க இளைஞர் 1960களின் முற்பகுதியில் மெக்சிக்கோவின் கிழக்குப் பகுதிக்குச் சென்று, வாதத்தை விடுத்துக் கத்தியைக் கையிலெடுத்தார். சில அக்கேசியாக்களில் எறும்பை முற்றாக அகற்றியும், அயலிலுள்ள வேறு சிலவற்றை எறும்போடு விட்டும், இரண்டினது வளர்ச்சியையும் ஒப்பிட்டார். எறும்பிழந்த மரங்களின் தளிரைப் புழுக்களும் வண்டுகளும் தின்றன. சுற்றியிருந்த கொடிகள் அவற்றின்மேற் படர்ந்து வெயிலை மறைத்தன. எறும்புள்ள மரத்தடியிலோ முளைக்கும் செடிகளையும் படரும் கொடிகளையும் எறும்பே கடித்து நீக்கியது. பூச்சியைத் துரத்துவது மட்டுமன்றிக் களை பிடுங்குவதும் அதன் வேலையாயிற்று. 1966 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபுகளின்பின், அக்கேசியாவைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று. 2009 ஆம் ஆண்டிலே வெவ்வேறு தாவரங்களிற் செய்த இத்தகைய பரிசோதனைகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தபோது, எறும்பு நீக்கப்பட்ட செடிகளிலே பூச்சிகளால் விளைந்த சேதம் ஏறத்தாழ இரட்டித்தமை தெரியவந்தது.

எனினும் மாட்டுக்கொம்பு அக்கேசியா ஓர் எல்லை. அங்கே எறும்பு குடியிருக்கும் காவலன். பூவரசுக்கும் பயற்றுக்கும் அத்தகைய காவலன் இல்லை. நிலத்திலே புற்றமைத்து வாழும் எறும்பு, வழியிற் செல்லும்போது ஏறி வந்து, குடித்து, எதிர்ப்பட்ட புழுவைக் கடித்துச் செல்லும். நாட்கூலி போன்ற இத்தொடர்பே 4000 இனங்களுட் பெரும்பாலானவற்றில் உள்ளது. இவ்வேற்பாட்டிற் கூலியை எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதே செடிக்குரிய சிக்கல். இருபத்தோராம் நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் இவ்விடத்திலேதான் புதுமை காட்டின.

2001 ஆம் ஆண்டிலே மாட்டின் ஹைல் என்னும் செருமானிய அறிஞரும் உடனாய்ந்தோரும் மலாயாவில் வளரும் மக்கரங்கா மரமொன்றின் சுரப்பை அளந்தனர். இலையைப் பூச்சி கடித்தவுடன் தேன் மிகுகின்றது. கடியுண்ட இலையில் யசுமோனிக்கமிலம் என்னும் பொருள் உண்டாதலே அதன் காரணம். மல்லிகை எண்ணெயில் முதலிற் காணப்பட்ட சேர்வையொன்றின் இனமாதலால் அதற்கு அப்பெயர் வந்தது. பூச்சி கடியாத இலையிலும் அவ்வமிலத்தைத் தெளித்தபோது தேன் பெருகியது, எறும்புகள் கூடுதலாக வந்தன, சேதம் குறைந்தது. கழிவுக் கொள்கையால் இதனை விளக்குதல் அரிது. கள்வன் வந்தபோது கூலியை உயர்த்திக் காவலரைக் கூட்டும் ஒழுங்காகவே இது தோன்றுகின்றது.

2007 ஆம் ஆண்டில் அதே அறிஞர் மெக்சிக்கோவிலே காட்டு லீமா அவரையில் இன்னுமொரு நுட்பத்தைக் காட்டினார். கடியுண்ட இலையிலிருந்து மணப்பொருள்கள் சில காற்றிற் கலக்கும். அக்காற்றுப் படும் அயலிலைகள், கடியுண்ணாமலே தேன் சுரக்கத் தொடங்கும். அல்லது கடியுண்டபோது பெரிதும் சுரக்க ஆயத்தமாகும். தண்டின் வழியாகவே செய்தியை அனுப்பலாமே, காற்று எதற்கு என்று வினவலாம். கொடியிலே அருகருகே தொங்கும் இரண்டு இலைகள், தண்டின் வழியே அளந்தால் நெடுந்தூரத்தில் இருத்தல் கூடும். ஒன்றிலிருந்து புழு மற்றையதற்குத் தாவ ஒரு கணம் போதும். சாறு அங்கு செல்ல நெடுநேரமாகும். பந்தலிட்டுக் கொடி வளர்த்த எவர்க்கும் இது எளிதில் விளங்கும்.

குடியிருக்கும் காவலனைக் கட்டுப்படுத்தும் முறை இதனினும் கடுமையானது. அக்கேசியா தன் தேனிலே இன்வேற்றேசு என்னும் நொதியத்தைச் சேர்த்து, அதிலுள்ள சுக்குரோசை எளிய வெல்லங்களாகப் பிரித்துவிடுகின்றது என்பது 2005 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுக்குரோசை நாடித் திரியும் வேற்றெறும்புகளுக்கு அத்தேன் சுவைப்பதில்லை. மரத்திற் குடியிருக்கும் எறும்புக்கோ சுக்குரோசைத் தானே பிரிக்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் அதற்கு வேறு தேன் உதவாது. அவ்வாற்றல் ஏன் இல்லை என்பதற்கு 2014 ஆம் ஆண்டிலே விடை கிடைத்தது. எறும்பின் குடம்பிப் பருவத்தில் அந்நொதியம் தொழிற்படுகின்றது. வளர்ந்த எறும்பு மரத்தின் தேனைப் பருகியபின், அத்தேனிலுள்ள கைற்றினேசு என்னும் புரதம் நொதியத்தைத் தடுத்துவிடுகின்றது. முதல்நாட் கூலியோடு வேலைக்காரனை வேறிடத்திலே பிழைக்க இயலாதவனாக்கும் முதலாளியை இது நினைவூட்டும். எறும்புக்கும் மரத்துக்கும் இடையிலுள்ளது நட்பு என்று பாடநூல்கள் எழுதுவதைச் சற்றுத் திருத்துதல் நன்று.

இனி, இவ்வேற்பாடு பிழைத்துப்போகும் இடங்களையும் காணல் வேண்டும். கூலியை உண்டு காவல் செய்யாத எறும்பும் உண்டு. அக்கேசியாவிலே அத்தகைய எறும்பொன்றை யன்சனே 1975 ஆம் ஆண்டில் விவரித்தார். கொஸ்ரா ரிக்கா நாட்டிலே இங்கா மரங்கள் மலைமீது ஏற ஏற, எறும்புகள் இல்லாதொழிகின்றன. அவ்வுயரத்திலே புழுக்களின் உடலில் முட்டையிடும் குளவிகளும் ஈக்களும் பகைவரைக் குறைக்கின்றன என்று 1985 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. தெல்பினோ எறும்போடு குளவியையும் சேர்த்துச் சொன்னது வீணன்று. டார்வின் காட்டிய பன்னத்தை 1980களில் வட இங்கிலாந்திலே மீளவும் ஆராய்ந்தபோது, எறும்பினால் அதன் வழக்கமான பூச்சிகள் குறைந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. அவ்வளவில் டார்வினே வென்றார். ஆனால் பன்னத்திற்குப் பழக்கமில்லாத வேற்றுப் பூச்சிகளை அதன்மேல் விட்டபோது எறும்புகள் அவற்றைப் பிடித்துச் சென்றன. பன்னத்தை உண்ணும் பூச்சிகளோ எறும்பைத் தப்புதற்குரிய உபாயங்களை உடையன. பகைவர் சிலராயிருப்பது காவலின்மையாலா, காவல் இருந்தமையாலா என்பதை இன்றைய நிலையை மட்டும் நோக்கி எங்ஙனம் தீர்ப்பது?

இலங்கைக்கே உரிய நெப்பந்தெசு என்னும் கெண்டிச்செடியும் இலையிலே தேன் சுரப்பதுதான். அதன் கெண்டியின் விளிம்பிற் சுரக்கும் தேனை நாடிவரும் எறும்பு வழுக்கி உள்ளே வீழ்ந்து செடிக்கு உணவாகும். தேனும் அதுவே, எறும்பும் அதுவே. ஆனால் அது கூலியன்று, தூண்டில்.

கமக்காரனுக்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென்ன? பயற்றங்கொடியிலே எறும்பு ஊர்வதைக் கண்டதும் சாம்பலைத் தூவுவதோ மருந்தை விசிறுவதோ வழக்கம். அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சி இனிய கழிவை வெளிவிடும். அதற்காக எறும்பு அவற்றை மாடுபோல் மேய்த்து, அவற்றின் பகைவரைத் துரத்தும். அங்கே எறும்பு கள்வனுக்குக் காவலன். ஆகவே எறும்பு உண்டா இல்லையா என்பதைப் பார்த்தாற் போதாது. எறும்பின் வாய் எங்கே இருக்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். பூங்கொத்தின் தண்டிலுள்ள சுரப்பிகளிலேயே எறும்பு நின்று, அயலிலே அழுக்கணவன் கூட்டம் இல்லையாயின், அதனை அழித்தல் காவலனை அழித்தலாகக் கூடும். இனிப்பைச் செடி தானே கொடுத்தலால், எறும்பு அழுக்கணவனை மேய்க்க வேண்டிய தேவையை இழக்கின்றது. சுரப்பியின் பயன்களுள் அதுவும் ஒன்றாகலாம் என்று 1989 ஆம் ஆண்டில் இரு ஆய்வாளர் எடுத்துரைத்தனர். இக்கருத்து எங்கும் பொருந்துமென்று துணிதற்கில்லை; எனினும் தோட்டத்திலே நின்று சோதித்துப் பார்க்கத்தக்கது. எறும்பைப் பயிர்க்காவலுக்கு அமர்த்துதல் புதிய எண்ணமும் அன்று. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் முசுறு எறும்பின் கூடுகளைத் தென்சீனத்தார் சந்தையில் வாங்கித் தோடை மரங்களிற் கட்டினர் என்ற செய்தி, கி.பி. 304 ஆம் ஆண்டினதெனக் கூறப்படும் சீன நூலொன்றிலே காணப்படுகின்றது.

பருத்தியின் கதை இதற்கு மறுதலையானது. இலைத்தேனைக் காவலர் மட்டுமன்றிப் பகைவரும் பருகுவர். காய்ப்புழுவின் அந்துகள் பருத்தியின் தேனை உண்டு வலிமை பெற்று அச்செடியிலேயே முட்டையிடும். ஹவாய்த் தீவுகளில் இயற்கையாக வளரும் பருத்தியினம் ஒன்றுக்கு இச்சுரப்பிகள் இல்லை. அதனைப் பயிர்ப்பருத்தியோடு கலந்து தேனற்ற பருத்தியை ஆக்கலாம் என்பது 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காட்டப்பட்டது. அத்தகைய வயல்களிற் சில பூச்சிகள் குறைந்தன. ஆனால் அப்பூச்சிகளை உண்ணும் பூச்சிகளும் குறைந்தன. மருந்து தவறாது தெளிக்கப்படும் வயலிலே காவலர் எவ்வாறாயினும் மடிவர்; அங்கே தேனற்ற பருத்தி இலாபமாகலாம். மருந்தில்லாத வயலிலே அதே பருத்தி நட்டமாகலாம். சுரப்பி நன்றோ தீதோ என்பதற்கு ஒரே விடை பருத்தியில் இல்லை.

கூலியின் செலவோ பெரிதன்று. பால்சா மரத்திலே ஓரிலைக்குச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே தேனாகின்றதென ஒரு கணிப்பு உளது. அச்சிறு செலவையும் பகைவர் இல்லாதவிடத்து மரம் குறைத்துக்கொள்ளும் என்பதற்கு ஆபிரிக்கா சான்று தந்தது. கென்யா நாட்டின் லைக்கிப்பியா மேட்டுநிலத்திலே, கரிய மண்ணில், அக்கேசியா இனமொன்று பரந்து வளர்கின்றது. அதற்கும் பருத்த முட்கள் உண்டு. எறும்பிட்ட துவாரத்திற் காற்றுப் புகுந்து சீழ்க்கை ஒலிக்கும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அதனை மேயவரும்போது எறும்பு அவற்றின் வாயையும் மூக்கையும் கடித்து விலக்கும். 1995 ஆம் ஆண்டிலே அங்கே சில நிலத்துண்டுகளைச் சுற்றிப் பெருவிலங்குகள் புகாவண்ணம் வேலியிட்டனர். மேய்ச்சல் நின்றால் மரங்கள் செழிக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்.

பத்தாண்டுகளின்பின் அம்மரங்களை ஆராய்ந்தோர் கண்டதை 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேலிக்குள் நின்ற மரங்கள் பருத்த முட்களையும் தேன்சுரப்பிகளையும் குறைத்துக்கொண்டன. வீடும் கூலியும் சுருங்கவே, அவற்றை நம்பி வாழ்ந்த எறும்பு சாறுறிஞ்சும் செதிற்பூச்சிகளை மேய்க்கத் தலைப்பட்டது, காவலிற் சோர்ந்தது, எண்ணிக்கையிலும் குன்றியது. அதன் இடத்துக்கு வேறோர் எறும்பு வந்தது. அவ்வெறும்புக்கு முள்வீடு வேண்டியதில்லை; தண்டைத் துளைக்கும் வண்டின் குடம்பிகள் குடைந்த பொந்துகளே அதன் இல்லம். ஆதலின் அது வண்டைத் துரத்துவதில்லை. வண்டு பெருகுதலே அதற்கு நன்மை. அவ்வெறும்பு குடிபுகுந்த மரங்களை வண்டு மிகுதியாகத் துளைத்தது. அவை மெதுவாக வளர்ந்தன. பழைய காவலனைக் கொண்ட மரங்களிலும் இருமடங்காக இறந்தன.